சின்னப் பட்டணத்தில் வீட்டுச் சாயத் தொழில்: 5,000 வெள்ளியில் எங்கே தொடங்குவது?

கேள்வி: "ஈப்போவில் ஒரு குத்தகைக்காரரிடம் எட்டு வருஷம் சாயம் அடித்தேன். இப்போது சொந்த ஊரான சுங்கை சிப்புட்டுக்கே வந்துவிட்டேன். கையில் 5,000 வெள்ளியும் ஒரு பழைய வேனும் இருக்கு. சொந்தமாத் தொடங்கி, இரண்டு மூன்று ஆள் வைத்து நடத்தும் அளவுக்கு வளர என்ன செய்யணும் அண்ணே?"

தம்பி, ரோலர் பிடிக்க உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. முதலாளியிடம் வேலை செய்தவர் சொந்தமாக இறங்கும்போது தடுமாறுவது வேறு மூன்று இடங்களில்: பழைய சுவரைப் பார்த்து அது என்ன செய்யும் என்று கணிப்பது, விலை போடுவது, முன்பணத்தைத் தொடாமல் வைத்திருப்பது. ஈப்போவின் புதுத் தாமான்களில், அதாவது புதுக் குடியிருப்புகளில், இந்த மூன்றும் உங்கள் தலையில் இல்லை. வீடு காலி, பூச்சு புதுசு, கணக்கு முதலாளியுடையது. சுங்கை சிப்புட், லிந்தாங், சுற்றியுள்ள தோட்டங்கள் என்று வந்தால் வீடு பழசு, ஆள் குடியிருக்கும், ஒரு வீட்டில் சாயம் உரிந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் மார்க்கெட்டில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அதனால் இந்த மூன்றையும் விரிவாகச் சொல்கிறேன்; மற்றவை சுருக்கமாக.

தீபாவளியும் மழையும் சேர்ந்தே வரும்

நம்மவர் வீட்டில் சாயம் என்றாலே தீபாவளிக்குத்தான். நம் பேராக் மாநிலத்தில் மழை அதிகமாகக் கொட்டுவதும் அக்டோபர், நவம்பரில்தான். 2026இல் தீபாவளி நவம்பர் 8. வாடிக்கையாளர் வழக்கம்போல அக்டோபரில் போன் போடுவார், முன் சுவரும் மதிலும் அடிக்கச் சொல்வார், பிற்பகல் மூன்று மணிக்கு இடி இடிக்கும். ஈரச் சுவரில் அடித்துக் கொப்பளித்ததும், காயுமுன் மழையில் வழிந்ததும் உங்கள் கணக்கில்தான் எழுதப்படும்.

ஆகவே வெளிப்புற வேலையை ஜூலை, ஆகஸ்டிலேயே பிடியுங்கள். ஆகஸ்டுக்குள் வெளிச்சுவரை முடித்துக்கொண்டால் கூலியில் ஐந்து விழுக்காடு குறைத்துக்கொள்ளலாம் என்று ஜூன் மாதமே பழைய வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப் அனுப்புங்கள். அக்டோபரை உள்வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது புது வேலை எடுப்பதை நிறுத்திவிட வேண்டும். அந்தப் பத்து நாள் ஒப்புக்கொண்டதை முடிக்கவும் குறை சரிசெய்யவுமே போதாது.

வெளிச்சுவருக்கு அன்றாட நேரமும் உண்டு. பனி ஈரம் காய்ந்த பிறகு, ஒன்பது மணிவாக்கில் தொடங்கி, அன்றைய பூச்சை ஒரு மணிக்குள் முடியுங்கள். தண்ணீர்ச் சாயம் அரை மணி நேரத்தில் கையில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்தாலும், கனமழையைத் தாங்க இன்னும் சில மணி நேரம் வேண்டும். காலையில் மேற்குப் பக்கச் சுவரை முதலில் அடியுங்கள். வெயில் ஏறிய கிழக்குச் சுவரில் அடித்தால் சாயம் ரோலரிலேயே இழுபடும், ஒரு பூச்சும் அடுத்ததும் சேரும் இடமெல்லாம் கோடாகத் தெரியும்.

தீபாவளி முடிந்ததும் சீனர் வீடுகளும் கடைகளும். 2027இல் சீனப் புத்தாண்டு பிப்ரவரி 6. அதை ஒட்டியே மலாய்க்காரர் வீடுகள், ஏனென்றால் நோன்புப் பெருநாள் ஆண்டுதோறும் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்து 2027இல் மார்ச் முதல் பாதிக்கு வந்துவிடுகிறது. நம்மவர் வீடுகளை மட்டும் நம்பினால் வருஷத்தில் மூன்று மாதம்தான் தொழில். மூன்று இனத்தாரிடமும் வேலை எடுப்பவருக்கு ஆகஸ்டிலிருந்து மார்ச் வரை ஓயாது. ஏப்ரல் முதல் ஜூன் வரையுள்ள வறட்சிக்குக் கடைகள், கோயில் மதில், திருமண மண்டபம், பள்ளி மண்டபம் என்று தேடுங்கள். கோயில் என்றால் சுவரும் மதிலும் மட்டும். கோபுரத்துச் சுதைச் சிற்பங்களுக்கு வர்ணம் தீட்டுவது ஸ்தபதிகளின் வேலை, அதில் கை வைக்காதீர்கள்.

சுவரைப் படிப்பது

சாயம் உரிவதில் பெரும்பகுதி சாயத்தின் குற்றம் இல்லை, அடியில் இருப்பதன் குற்றம். விலை சொல்வதற்கு முன் வீட்டைச் சுற்றி வர அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். கையில் அளவு நாடா, சுரண்டும் தகடு, ஒட்டு டேப், டார்ச், ஈரம் காட்டும் சிறு மீட்டர் இருக்கட்டும்.

உள்ளங்கையால் சுவரைத் தேயுங்கள். மாவு மாதிரி வெள்ளையாக ஒட்டினால் பழைய சாயம் பொடிந்துவிட்டது. அதன்மேல் தண்ணீர்ச் சாயம் அடித்தால் பொடியில்தான் பிடிக்கும், சுவரில் பிடிக்காது. கழுவிக் காயவிட்டு மறுபடி தேய்த்துப் பாருங்கள். அப்போதும் பொடி வந்தால் தண்ணீர் சீலர் (சாயத்துக்கு முன் போடும் அடிப்பூச்சு) போதாது, உள்ளே ஊறி இறுக்கும் எண்ணெய் வகை சீலர் வேண்டும். அடுத்து, பழைய சாயத்தில் கத்தியால் சிறு கட்டங்களாகக் கீறி, டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுங்கள். கட்டங்கள் டேப்போடு வந்துவிட்டால் அந்தச் சுவரைச் சுரண்டியே ஆக வேண்டும். கூலியை அதற்கேற்பப் போடுங்கள்.

சுவர் அடியில் இரண்டு மூன்று அடி உயரத்துக்குச் சாயம் கொப்பளித்து, உப்புப் பூத்திருந்தால் நிலத்து ஈரம் ஏறுகிறது என்று அர்த்தம். இதற்கு விலை உயர்ந்த வெளிப்புறச் சாயம் வாங்கி அடித்து ஏமாறுவோர் ஏராளம். ஈரம் அடைபட்டு இன்னும் மேலே ஏறும், அவ்வளவுதான். முதலில் காரணம் தேடுங்கள்: மறுபக்கம் குளியலறையா, பின்வடிகால் அடைத்திருக்கிறதா, பூந்தொட்டி மண் சுவர்மேல் ஏறிக் கிடக்கிறதா? அது சரியான பிறகு, ஈரக் கோட்டுக்கு மேல் ஓரடி வரை பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, நீர்த்தடுப்பு சிமெண்டு தடவி, மறுபூச்சு போட்டுக் காயவிட வேண்டும். வீட்டுக்காரர் அந்தச் செலவுக்கு ஒப்பவில்லை என்றால், "இந்தச் சுவரின் அடிப்பகுதிக்கு உத்தரவாதம் இல்லை" என்று விலைப்பட்டியலில் எழுதிவிட்டு மற்றதை அடியுங்கள்.

புதுப் பூச்சுக்கு 28 நாள் காத்திருப்பது சம்பிரதாயத்துக்காக இல்லை. ஈரமான சிமெண்டின் காரம் சாயத்தை அரித்து, திட்டுத்திட்டாக நிறம் வெளுக்கும். சமையலறையை நீட்டிக் கட்டிய கொத்தனார் போன வாரம்தான் முடித்தார் என்றால் அந்தப் பகுதியைக் கடைசிக்கு வையுங்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு முழம் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்ளே வியர்த்திருந்தால் இன்னும் காயவில்லை.

பாசி, பூஞ்சை பிடித்த சுவரைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் மட்டும் போதாது. வேர் உள்ளேயே இருக்கும். ஒரு பங்கு குளோராக்ஸ் (வெளுப்புத் திரவம்), மூன்று பங்கு தண்ணீர் கலந்து தடவி, இருபது நிமிடம் விட்டு, தேய்த்து, நன்றாகக் கழுவிக் காயவிடுங்கள். கண்ணாடி, கையுறை போடாமல் இதைச் செய்ய வேண்டாம், வேறு எந்தச் சுத்தத் திரவத்தோடும் கலக்க வேண்டாம். சிலவற்றோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும்.

இனிச் சாமி அறை. வருஷக்கணக்கில் விளக்குப் புகையும் சாம்பிராணியும் ஏறிய சுவரில் நேராக வெள்ளை அடித்தால், காய்ந்த மறுநாள் மஞ்சள் கறை மேலே எழுந்து வரும். மூன்றாம் பூச்சு, நான்காம் பூச்சு என்று எத்தனை அடித்தாலும் அது வரும், ஏனென்றால் தண்ணீர்ச் சாயத்திலுள்ள தண்ணீரே கறையைக் கரைத்து மேலே இழுக்கிறது. பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரால் எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்த்துக் கழுவி, காய்ந்ததும் கறை மறைக்கும் எண்ணெய் வகை சீலரை ஒரு பூச்சு அடித்து, பிறகு தண்ணீர்ச் சாயம் போடுங்கள். விறகு அடுப்பு இருந்த பழைய சமையலறைக்கும், கூரை ஒழுகித் தேநீர் நிறத்தில் வட்டம் போட்ட சீலிங்குக்கும் இதே வைத்தியம்தான். கறை சீலரை வீடு முழுக்க அடிக்க வேண்டியதில்லை. வேனில் ஒரு லிட்டர் டின் எப்போதும் கிடக்கட்டும். எண்ணெய் சீலர் அடிக்கும்போது விளக்கை அணைத்து ஜன்னலைத் திறந்துவிடச் சொல்வதை மறக்காதீர்கள்.

விரிசல்களில் தலைமுடி அளவுள்ளவற்றைக் கீறி விரித்து, தூசி தட்டி, நெகிழும் அக்ரிலிக் பில்லரால் அடையுங்கள். ஜன்னல் மூலையிலிருந்து படிப்படியாக ஏறும் அகல விரிசல் வீடு அமர்வதைக் காட்டுகிறது. அதை மூடி மறைத்துக் கொடுத்தால் ஆறு மாதத்தில் திரும்ப வரும், உங்களையும் திரும்ப அழைக்கும். உட்புறப் புட்டியை வெளிச்சுவரில் போடாதீர்கள். மழை ஈரத்தில் ஊறிப் பொதும்பி, மேலுள்ள சாயத்தோடு கழன்று விழும்.

கிரில், கேட் விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. கருப்பு இரும்பு என்றால் துருவைச் சுரண்டி, துருத் தடுப்புப் பிரைமர், இரண்டு பூச்சு எண்ணெய்ச் சாயம், பூச்சுக்கிடையே ஓர் இரவு. ஆனால் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயில் சாதாரண எண்ணெய்ச் சாயத்தை நேராக அடித்தால், சாயத்தின் எண்ணெய் துத்தநாகத்தோடு சேர்ந்து சோப்பாக மாறி, தோல் உரிவதுபோல் நீளமாக உரியும். அதற்கென்றே இருக்கும் ஜி.ஐ. பிரைமரைக் கேட்டு வாங்குங்கள். சாம்பல் நிறத்தில், துருவே இல்லாமல் மினுங்கினால் அது ஜி.ஐ.

லயத்து வீடுகள்

தோட்டத்து வீட்டில் குடியிருப்பவர் கூப்பிட்டாலும் வீடு நிர்வாகத்துடையது. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்புச் சட்டம், அதாவது சட்டம் 446, குடியிருப்பின் தரத்துக்கு முதலாளியைப் பொறுப்பாக்குகிறது. வெளிப்புறத்தையும் நிறத்தையும் மாற்றும் வேலை என்றால் தோட்ட ஆபீஸில் கிராணியை (எழுத்தரை) பார்த்து, மேனேஜரின் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்கிய பிறகே தூரிகையை நனையுங்கள்.

பழைய லயங்களில் சுவருக்குப் பல வருஷம் சுண்ணாம்பு அடித்திருப்பார்கள். அதன்மேல் தண்ணீர்ச் சாயம் அடித்தால் காயும்போது சுருங்கி, சுண்ணாம்பையும் பிய்த்துக்கொண்டு அப்பளம்போல் தூக்கும். ஈரப்படுத்திச் சுரண்டி, கழுவி, காயவிட்டு, ஊறும் சீலர் போட்டால்தான் நிற்கும். இந்தச் சுரண்டல் வேலை சாயம் அடிப்பதைவிட அதிக நேரம் தின்னும். சதுர அடிக்கு இத்தனை என்று பொது விலை சொல்லி மாட்டிக்கொள்வது இங்கேதான். பழைய மரப் பலகைகளிலும் ஜன்னல் சட்டங்களிலும் உள்ள எண்ணெய்ச் சாயத்தில் ஈயம் இருக்கலாம். காய்ந்தபடி தேய்க்காமல் நனைத்துத் தேயுங்கள், சுரண்டியதைத் தார்ப்பாயில் சேர்த்து அள்ளுங்கள், குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள். கூரையும் சீலிங்கும் அஸ்பெஸ்டாஸ் தகடாக இருந்தால் தேய்க்கவோ, துளையிடவோ, பீய்ச்சிக் கழுவவோ கூடவே கூடாது. அந்த நார்த்தூசி நுரையீரலுக்குள் போனால் திரும்ப வராது. உடைந்திருந்தால் அந்த வேலையை நிர்வாகத்திடம் விட்டுவிடுங்கள்.

அளவும் விலையும்

ஒரு லிட்டர் தண்ணீர்ச் சாயம் நல்ல சுவரில் ஒரு பூச்சுக்குச் சுமார் 100 சதுர அடி ஓடும். சொரசொரப்பான வெளிச்சுவரில் 70, 80க்கு இறங்கிவிடும். பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்றால் நான்கு சுவரும் 400 சதுர அடி. கதவுக்கு 21, நான்குக்கு நான்கு ஜன்னலுக்கு 16 கழித்தால் 363. இரண்டு பூச்சுக்கு 726, ஆக ஏழேகால் லிட்டர். சீலிங் 100 சதுர அடி, இரண்டு பூச்சுக்கு 2 லிட்டர். ஒவ்வோர் அறையையும் இப்படி அளந்து நோட்டில் எழுதுங்கள். பரப்பளவை மூன்றால் பெருக்கினால் உட்சுவர் வரும் என்ற குறுக்கு வழி, உங்கள் கூட்டலைச் சரிபார்க்க மட்டும்.

ஆழ்ந்த சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு கேட்டால் கணக்கு மாறும். அவற்றுக்கு மூடும் சக்தி குறைவு, இரண்டு பூச்சில் பழைய நிறம் எட்டிப் பார்க்கும். அடியில் சாம்பல் நிறச் சீலர் போட்டோ, மூன்றாம் பூச்சுக்குக் காசு சேர்த்தோ விலை சொல்லுங்கள். ஒரே சுவருக்கு இரண்டு வாளி தேவைப்பட்டால் இரண்டையும் ஒன்றாகக் கலந்த பிறகே தொடங்குங்கள், மிஷினில் கலக்கிய நிறம் வாளிக்கு வாளி இம்மியளவு மாறும். தண்ணீர் கலப்பதை உதவியாள் கைக்கு விடாதீர்கள். டின்னில் போட்டிருக்கும் அளவு, பெரும்பாலும் பத்து விழுக்காட்டை ஒட்டியது. ஒரு மக் கூடினால் மூன்றாம் பூச்சு உங்கள் செலவு.

இனி விலை. 900 சதுர அடி, மூன்று அறை ஒற்றை மாடி வரிசை வீடு, ஆள் குடியிருக்கிறது, உள்வேலை மட்டும் என்று வைத்துக்கொள்வோம். உட்சுவர் 2,700 சதுர அடி; இரண்டு பூச்சுக்கு 54 லிட்டர், அதாவது 18 லிட்டர் வாளி மூன்று. சீலிங்குக்கு இன்னொரு வாளி. வாளி 150 வெள்ளி வீதம் சுவருக்கு 450, சீலிங் சாயம் 120, சீலர் 70, பில்லர், மணல்தாள், டேப், ரோலர் தலை எல்லாம் சேர்த்து 120, பொருள் 760. இரண்டு பேர் ஆறு நாள், ஆளுக்கு நாளுக்கு 120 என்றால் 1,440. வேன் எண்ணெய், போக்குவரத்து 100. சாமான் தேய்மானம் 60. கூட்டினால் 2,360. எதிர்பாராததற்குப் பத்து விழுக்காடு, 236. மொத்தம் 2,596. நீங்கள் அங்கே ரோலர் பிடிக்கும் இரண்டு பேரில் ஒருவராக இருந்தாலும் உங்கள் நாள் சம்பளம் செலவில்தான் சேர வேண்டும். லாபம் அதற்கு மேல்.

விற்கும் விலையில் 20 விழுக்காடு லாபம் வேண்டுமென்றால் 2,596ஐ 0.8ஆல் வகுக்க வேண்டும்: 3,245. பலர் 1.2ஆல் பெருக்கி 3,115 என்று நிறுத்திவிடுகிறார்கள். அங்கேயே 130 வெள்ளி போய்விட்டது. சாய விலையும் கூலியும் கடைக்குக் கடை, ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் சாயக்கடைத் தவுக்கே (முதலாளி) தரும் விலையைப் போட்டு இதே வரிசையில் கணக்கிடுங்கள். பொருளை வீட்டுக்காரரே வாங்கித் தருகிறார் என்றால், குறைந்த விலைச் சாயம் வந்து மூன்றாம் பூச்சு கேட்கும் சாத்தியத்தையும் கூலியில் சேர்த்துவிடுங்கள்.

விலைப்பட்டியலில் சாயத்தின் பெயர், வகை, நிற எண், எத்தனை பூச்சு, எந்த அறைகள், எதெல்லாம் சேராது என்று எழுதி அனுப்புங்கள். "நிப்பான் சாயம் அடித்துத் தருகிறேன்" என்று வாயால் சொன்னால் போதாது. நிப்பான், டூலக்ஸ், ஜோட்டன் ஒவ்வொன்றிலும் மலிவு வகை முதல் வெளிப்புற உயர்வகை வரை உண்டு. வீட்டுக்காரர் மனத்தில் ஒன்று, உங்கள் வேனில் ஒன்று என்றால் சண்டைதான். டின்னில் போட்டிருக்கும் எட்டு வருஷம், பத்து வருஷ உத்தரவாதத்தை உங்கள் வாயால் கொடுக்காதீர்கள். அது சீலர் முதல் கடைசிப் பூச்சு வரை நிறுவனம் சொன்ன முறையில் அடித்தால்தான் செல்லும். உங்கள் உத்தரவாதம் ஒரு வருஷம், உரிதலுக்கு மட்டும், ஈரச் சுவர் நீங்கலாக.

முன்பணம்

ஒப்புக்கொள்ளும்போது 40 விழுக்காடு, முதல் பூச்சு முடிந்ததும் 40, ஒப்படைக்கும்போது 20. முதல் தவணை பொருளுக்கும் சில நாள் சம்பளத்துக்கும் சரியாக இருக்கும். தொழில் கவிழ்வது எப்படி என்றால், தீபாவளிக்கு முன் பத்து வீட்டில் முன்பணம் வாங்கி, மூன்றாம் வீட்டுப் பணத்தில் முதல் வீட்டுக்குச் சாயம் வாங்கி, ஏழாம் வீட்டுக்கு வரும்போது பணமும் இல்லை, நாளும் இல்லை. தனி வங்கிக் கணக்கு திறந்து, எந்த வீட்டு முன்பணம் என்று நோட்டில் எழுதி, அந்த வீட்டுச் சாமான் வாங்கும்வரை தொடாமல் வையுங்கள். ரசீது இல்லாமல் ஒரு வெள்ளியும் வாங்காதீர்கள், சொந்தக்காரர் வீடானாலும்.

உங்கள் 5,000 வெள்ளியைப் பிரிக்கச் சொன்னால்: சாமானுக்கு 1,500, முதல் வேலைப் பொருளுக்கு 2,000, ஒரு மாத எண்ணெய், போன், சாப்பாட்டுக்கு 1,000, பதிவுக்கும் காப்புறுதிக்கும் 500. அந்த 1,500இல் எட்டுப் படி இரட்டை ஏணி, நீளும் ஏணி, தண்ணீர் பீய்ச்சும் மிஷின், கம்போடு ஒன்பது அங்குல ரோலர், நான்கு அங்குலக் குட்டி ரோலர், தூரிகைகள், சுரண்டிகள், தரை விரிக்கத் தடித்த துணி. வழவழப்பான உட்சுவருக்குக் குட்டை முடி ரோலர் தலை, சொரசொரப்புக்கு நீள முடி. ஸ்பிரே மிஷின் இப்போது வேண்டாம். குடியிருக்கும் வீட்டில் மூடி மறைக்கவே அரை நாள் போகும், காற்றில் பறந்து பக்கத்து வீட்டுக் கார்மேல் படிந்தால் லாபம் முழுதும் அங்கே போகும்.

ஏணி என்றதும் இன்னொன்று. பழைய வீடுகளில் மின்கம்பி முன் சுவரில்தான் வந்து இறங்கும். அலுமினிய ஏணியை அந்தப் பக்கம் சாய்க்கும் முன் அண்ணாந்து பாருங்கள். நான்கடி உயரத்துக்கு ஓரடி என்று அடியை வெளியே தள்ளி வையுங்கள்.

பதிவு, காப்புறுதி

தொழில் பதிவு ஆணையமான எஸ்.எஸ்.எம்.மில் உங்கள் சொந்தப் பெயரில் பதிந்தால் வருஷத்துக்கு 30 வெள்ளி, கடைப் பெயர் வைத்தால் 60. தொழில் தொடங்கி 30 நாளுக்குள் பதிய வேண்டும், இணையத்திலேயே முடியும். சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் சுயதொழில் காப்புறுதியை அன்றே எடுங்கள். ஏணியிலிருந்து விழுந்தால் வீட்டில் அடுப்பு எரிய வேறு வழியில்லை. வீட்டு வேலை மட்டும் செய்யும்போது யாரும் கேட்காவிட்டாலும், கட்டுமானக் குத்தகைக்காரரும் தோட்ட நிர்வாகமும் சி.ஐ.டி.பி. (கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம்) பதிவையும் அது தரும் பச்சை அட்டையையும் கேட்பார்கள். ஜி1 தரம் சிறு வேலைகளுக்குச் செல்லும். உங்களுக்கு அது நீண்ட காலம் போதும். வருமான வரிக்கு 'பி' பாரம் (படிவம்), கணக்கு ஏடுகளை ஏழு வருஷம் வைத்திருக்க வேண்டும்.

ஆள் சேர்ப்பது

தீபாவளிக் கூட்டத்தைப் பார்த்து ஆள் எடுக்காதீர்கள். ஏப்ரல், மே மாதத்திலும் நான்கு வாரத்துக்கு வேலை வரிசையில் நிற்கிறது என்றால் அப்போது எடுங்கள். முதலில் எடுப்பவர் சுரண்ட, கழுவ, தேய்க்க, மூடத் தெரிந்த உதவியாளாக இருக்கட்டும். கடைசிப் பூச்சு உங்கள் கையிலேயே இருக்கும். 2025 ஆகஸ்ட் 1 முதல் எல்லா முதலாளிக்கும் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஊழியர் சேமநிதிக்கு 13 விழுக்காடு, சொக்சோ, வேலைக் காப்புறுதி சேர்த்தால் உங்கள் கையிலிருந்து மாதம் சுமார் 1,950 வெள்ளி போகும். விலை போடும்போது நாள் சம்பளத்தை அந்தத் தொகையிலிருந்து எடுங்கள். அனுமதியில்லாத வெளிநாட்டு ஆளை மலிவு என்று சேர்த்தால் அபராதம் உங்களுக்குத்தான்.

சதுர அடிக் கணக்கில் கூலி கொடுத்தால் வேகம் வரும், சீலர் காணாமல் போகும். அதனால் சுவர் தயார் செய்யும் வேலைக்கு நாள் சம்பளம், பூச்சுக்கு மட்டும் சதுர அடிக் கூலி என்று பிரித்துக் கொடுங்கள். சீலர் போட்ட சுவரைப் படம் எடுத்து அனுப்பிய பிறகே முதல் பூச்சு என்பது கட்டாய விதியாக இருக்கட்டும். ஒப்படைக்கும் முன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். மேடு பள்ளம், விட்டுப்போன இடம் எல்லாம் நிழலோடு தெரியும். கதவின் மேல் விளிம்பு, கிரிலின் பின்பக்கம், சுவிட்ச் ஓரம், இந்த மூன்றிலும்தான் குறை ஒளிந்திருக்கும். வீட்டம்மா கண்டுபிடிக்கும் முன் நீங்கள் கண்டுபிடியுங்கள்.

மீதமான சாயத்தைச் சிறு ஜாடியில் ஊற்றி, நிற எண், அறை, தேதி எழுதி ஒட்டிக் கொடுத்துவிட்டு, அதே விவரத்தை உங்கள் நோட்டிலும் எழுதுங்கள். மூன்று வருஷத்தில் அந்த நோட்டு உங்கள் பெரிய சொத்து: கேட்டுக்கும் கிரிலுக்கும் மறுபூச்சு நேரம் வந்தவர்கள், ஐந்து வருஷமானவர்கள் என்று பார்த்து ஜூன் மாதச் செய்தி அனுப்பலாம். பேனர் கட்டுவதைவிட இது மலிவு, பேனருக்கு நகராண்மைக் கழக அனுமதியும் வேண்டும்.

தோட்டக் கம்பெனி வேலை பெரிதாக வரும், பணம் 30 நாளிலிருந்து 90 நாள் வரை இழுக்கும். மூன்று மாதச் சம்பளமும் பொருளும் கையிருப்பில் இல்லாமல் ஐம்பது லயத்து வீட்டை ஒப்புக்கொள்ளாதீர்கள். பத்து வீடு முடிந்ததும் பில், அதற்குப் பணம், பிறகு அடுத்த பத்து என்று பேசுங்கள். அந்த நிலைக்கு வரும்போது, சிறு வணிகர்களுக்குக் கடன் தரும் அரசு நிறுவனமான தெக்குனின் ஸ்பூமி கடனைப் பாருங்கள், இந்திய வணிகர்களுக்கென்றே உள்ளது, எஸ்.எஸ்.எம். பதிவும் வங்கிக் கணக்கு அறிக்கையும் கேட்பார்கள், தனிக் கணக்கு வைத்தவருக்கு அது அச்சடித்து எடுக்கும் வேலைதான். அந்தப் பணத்தில் முதலில் வாங்க வேண்டியது சக்கரம் வைத்த சாரக்கட்டு இரண்டு செட். இரட்டை மாடி வீட்டின் வெளிச்சுவரை இப்போது வாடகைச் சாரத்துக்குப் பயந்து விட்டுவிடுகிறீர்கள். ஈப்போவிலிருந்து ஆள் வந்து அடித்துவிட்டுப் போகும் வேலை அது.